அந்த நாற்காலிக்கு ஒரு லேப்டாப்

வீட்டில் அவனைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். மாமா வைத்த பெயர். குடை வாங்கப் போனவன் மழைக்காலம் முடிந்த பிறகுதான் குடையோடு வந்தான் என்பது குடும்பத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதை. வாஷிங் மெஷின் வாங்க அவன் யோசித்துக்கொண்டிருந்த காலத்துக்குள் அத்தை மகளுக்குக் கல்யாணம் முடிந்து, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை உட்காரவும் பழகிவிட்டது.

அவன் தொழிலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். வந்தவரை உட்கார வைத்து, வெறும் பிரேமை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி காட்டினது தெளிவா இருக்கா?" என்று காலையிலிருந்து மாலைவரை கேட்க வேண்டும். அந்த வேலையில் ஒரு கணக்கு உண்டு. வந்தவர் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்கிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதுதான் அவருடைய பவர். அதற்கு மேலும் மாற்றிக் காட்டினால் அவருக்கும் குழப்பம், நமக்கும் குழப்பம். கடையில் இதை அவன் ஒருநாளும் மீறியதில்லை. கடையை விட்டு இறங்கியதும் எப்படித்தான் மறந்துபோகுமோ தெரியாது.

இப்போது வாங்க வேண்டியிருந்தது தங்கைக்கு ஒரு லேப்டாப். கேம் ஆடுகிற லேப்டாப்.

தங்கையின் சிறுநீரகம் இரண்டும், அவள் சொல்கிறபடி, ஸ்ட்ரைக்கில் இறங்கி இரண்டு வருடமாகிறது. வாரத்தில் மூன்று மதியங்கள் டயாலிசிஸ் அறையில் இடது கையில் ஊசிகளோடு நாலு மணி நேரம் உட்கார வேண்டும். ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, மெஷினில் சுத்தமாகி, திரும்ப உள்ளே போகும். முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் மெல்ல மெல்ல, நேரம் முடிவதற்கு முன்பே "போதும், எடுத்துவிடுங்க" என்று எழுந்து வர ஆரம்பித்தாள். அப்படி அரைகுறையாக எழுந்தால் வெளியே போக வேண்டிய நீர் உடம்பிலேயே தங்கும். தங்கினால் மூச்சு முட்டும். இது இப்படியே போனால் என்ன ஆகும் என்பதை அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்குத் தங்கை சுற்றி வளைக்காமல் சொன்னாள். வலி இல்லை, பயமும் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், தான் ஒரு நோயாளி என்பதைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. சினிமா பார்த்தாலும் மனசில் ஏறுவதில்லை.

"கேம் ஆடுறப்போ மட்டும்தான் எனக்கு உடம்பு மறந்துபோகுது" என்றாள். "அங்க வச்சு ஆடுற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடு. கடைசிவரைக்கும் உட்கார்றேன், சத்தியமா."

அது சின்ன வயதிலிருந்து வந்த பைத்தியம். அப்போது வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். யார் முதலில் என்று தினமும் அடிதடி நடக்க, சேர்ந்து ஆடுவதானால் ஆடுங்கள், இல்லையென்றால் இரண்டு பேருக்கும் கிடையாது என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். ஆடுவதற்கு இருந்ததோ ஒற்றை ஆள் ஆடுகிற கேம். அதனால் கேமுக்குள் இருந்த அந்த ஒரு ஆளை இரண்டு பேருமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மௌஸ் தங்கையிடம், நடக்க வைக்கிற பட்டன்கள் அண்ணனிடம். அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாளோ அந்தப் பக்கம் இவன் நடக்க வேண்டும். இவன் பள்ளத்தில் இறக்கிவிட்டால் தலையில் குட்டு விழும். அண்ணன் என்ற மரியாதையெல்லாம் அந்த நேரத்தில் கிடையாது.

ஆகவே தங்கை கேட்டதும் தராசு மனசார ஒத்துக்கொண்டான். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான், ஒப்பிட.

வேகமாக ஓடுகிறதைப் பார்த்தால் விலை ஆளை அடித்தது. விலை படிந்து வந்ததை எடை பார்த்தால் அம்மிக்கல். எடை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால் கேமைத் திறந்ததும் திக்கித் திணறுகிறது என்று எவனோ எழுதியிருந்தான். தங்கையை டயாலிசிஸ் அறை வாசலில் விட்டுவிட்டு, வெளியே காபி மெஷின் பக்கத்தில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, அவள் எழுந்து வரும்வரை போனில் இதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். திரை எவ்வளவு பெரிசு வேண்டும், பட்டனுக்கு அடியில் விளக்கு எரிய வேண்டுமா, மடியில் எவ்வளவு கனம் தாங்கும் என்று வீட்டில் அவளிடம் கேட்டபடியே இருந்தான். அவளும் சலிக்காமல் பதில் சொன்னாள்.

பெஞ்சில் உட்கார்ந்தானே தவிர, ஒரு நாளும் அவன் அந்த அறைக்குள் போனதில்லை. நாளெல்லாம் ஊரார் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறவனுக்கு ரத்தம் என்றால் கால் துவண்டுவிடும். அதுவும் தங்கையின் ரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மூத்த நர்ஸ் இரண்டு மூன்று தடவை வாசலுக்கு வந்து, கூட ஒருவர் உட்காரலாம், வாங்க என்று கூப்பிட்டுப் பார்த்தார். பரவாயில்லை சிஸ்டர், இங்கேயே இருக்கேன், ஒரு வேலை இருக்கு என்று போனைக் காட்டுவான்.

ஒரு வழியாக ஒன்றை முடிவு செய்தபோது, அடுத்த மாதம் புது மாடல் வருகிறது, அப்போது பழையதின் விலை இறங்கும் என்று எங்கேயோ படித்துவிட்டான். காத்திருக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அவ மூச்சு உன் புது மாடல் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதுடா."

அம்மாவின் வாய் முகூர்த்தமோ என்னவோ, அந்த வாரமே ஒரு விடியற்காலையில் தங்கை எழுந்து உட்கார்ந்துகொண்டு, படுக்க முடியவில்லை, மூச்சு வரவில்லை என்றாள். பாதியில் எழுந்து வந்ததன் பலன். ஆம்புலன்ஸில் அவள் முகத்தில் மாட்டிய ஆக்சிஜன் மாஸ்க்கில் ஆவி படிவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டே போனான். புது மாடலாவது, பழைய மாடலாவது என்று அவனுக்கு அவன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அவள் தேறி வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று நேராகக் கடைக்குப் போனான்.

வாங்கியது நல்ல சரக்குதான், அதில் குற்றம் சொல்ல முடியாது. விலை கையைக் கடித்தாலும் கழுத்தை நெரிக்கவில்லை. தட்டையாக, ஒரு கையால் தூக்குகிற எடை. வேகத்தில் அதைவிட விலை கூடியதோடு மல்லுக்கு நிற்கும். பேட்டரி பகல் முழுக்க நிற்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. தங்கை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தராசு ஒரு பக்கம் சாஞ்சிடுச்சுப்பா கடைசியில" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அடுத்த டயாலிசிஸ் அன்று பையைத் தங்கையின் தோளில் மாட்டி உள்ளே அனுப்பிவிட்டு, வழக்கமான பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். போனில் பார்க்க ஒன்றுமில்லாமல் கை என்னவோ போலிருந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மூத்த நர்ஸ் வெளியே வந்தார்.

"தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க. எடுத்துவிடச் சொல்றா. நான் சொல்லிக் கேக்க மாட்டேங்கிறா."

இந்தத் தடவை போனைக் காட்டித் தப்பிக்க முடியாது. செருப்பை மாற்றிக்கொண்டு உள்ளே போனான்.

நீளமான குளிர்ந்த அறை. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயர மெஷின், அதில் சுற்றிக்கொண்டே இருக்கிற ஒரு சின்னச் சக்கரம், அதன் வழியாகச் சிவப்புக் குழாய். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். தங்கை போர்வைக்குள் இருந்தாள். முன்னால் தட்டுப் பலகையில் லேப்டாப் மூடிக் கிடந்தது. அதன் சார்ஜர் செங்கல் போல பைக்குள் உட்கார்ந்திருந்தது. எடை எடை என்று அலைந்தவன் அந்தச் செங்கலை நிறுத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

நடந்ததை நர்ஸ் சொன்னார். சுவரில் இருக்கிற பிளக் எல்லாம் மெஷினுக்கு. வெளிச் சாமானைச் செருகி ஏதாவது ஒன்று ஆனால் வரிசையில் இருக்கிற அத்தனை மெஷினும் நின்றுவிடும். அதனால் கண்டிப்பாகக் கூடாது. பேட்டரியில் போட்டிருக்கிறாள். பெட்டியில் போட்டிருந்த பகல் முழுக்க என்பது சும்மா எழுதவும் படிக்கவும்தான். கேமைத் திறந்து வைத்ததுமே பேட்டரி மடமடவென்று அரைவாசிக்கு இறங்கியிருக்கிறது. வேகமும் பாதியாகப் படுத்துவிட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இதில் உள்ளே இருக்கிற விசிறி வேறு இரைந்து, பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் விழித்துக்கொண்டு, இங்கே எப்போது மாவு மில் திறந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

தராசு மனசுக்குள் கணக்குப் பார்த்தான். எத்தனை வாரம், எத்தனை மாடல். அவன் பார்த்த வேகம் அத்தனையும் பிளக்கில் செருகி அளந்த வேகம். யானையை வாங்கிவிட்டான், அதைக் கட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்க, அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும்.

நிமிர்ந்தபோது, அவள் கை கண்ணில் பட்டது. தலையணை மேல் நீட்டி வைத்த இடது கை. இரண்டு ஊசி, இரண்டு குழாய். மடக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. இது அவனுக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயத்தைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படி ஆடுவ? பட்டன் யார் அழுத்துறது?" என்று கேட்டான்.

தங்கை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தக் கேள்வியே அவளுக்குப் புரியாத மாதிரி.

"அதுக்கு நீ இருக்கியேன்னு நினைச்சேன்."

அவளே தொடர்ந்தாள். "லேப்டாப் வந்துட்டா நீயும் உள்ள வந்துடுவன்னு நினைச்சேன். நீ பாட்டுக்குப் பையை மாட்டிவிட்டுப் பெஞ்சுக்குப் போயிட்ட. எத்தனை கேள்வி கேட்ட என்கிட்ட, கனம் எவ்வளவு, லைட்டு வேணுமான்னு. உள்ள எப்படி இருக்கும்னு ஒரு தடவை கேட்டியா?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. லாரி டிரைவர் மரியாதையாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

நர்ஸ் கேட்காமலேயே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார், இடது பக்கத்தில். வேறு பக்கம் போட முடியாது. நடக்க வைக்கிற பட்டன்கள் அந்தப் பக்கம்தான். குழாய் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் ஓடியது. தலை லேசாகக் கிறுகிறுத்தது.

"என் கையைப் பாக்காத. திரையைப் பாரு" என்றாள் தங்கை.

அவள் ஆசையாக ஏற்றியிருந்த பெரிய கேமை மூடினார்கள். லேப்டாப்பில் அவள் ஏற்றி வைத்த பழைய கேம் ஒன்றும் கிடந்தது, சின்ன வயதில் ஆடியதன் அண்ணன் தம்பி மாதிரி, எந்த ஓட்டை மெஷினிலும் ஓடுகிற ரகம். வெளிச்சத்தைக் குறைத்தார்கள், படத்தின் பகட்டைக் குறைத்தார்கள். விசிறி வாயை மூடியது. பேட்டரி அதற்குப் பிறகு நிதானமாகத்தான் இறங்கியது. அவள் வலது கையில் மௌஸைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தாள். இவன் அந்தப் பக்கம் நடந்தான். நடந்த வேகத்தில் சுவரில் முட்டினான். திரும்பி வந்து பள்ளத்தில் விழுந்தான். குட்டு வைக்க அவளிடம் ஒரு கை மிச்சம் இல்லாததால் வாயாலேயே வைத்தாள், அதுவும் நன்றாகவே விழுந்தது. எதிர் நாற்காலியில் இருந்த டீச்சரம்மா ஒருவர் தன் மருமகளிடம் அவர்களைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

எப்போது நேரம் போனது என்று தெரியவில்லை. மெஷின் கீ கீ என்று கத்தியதும், இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தராசு பதறி எழுந்தான். ஒன்றும் ஆகவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவள் மெஷினில் அந்தச் சத்தம் கேட்டுப் பல மாதமாயிற்று என்று நர்ஸ் சொன்னார்.

கையுறையை மாட்டிக்கொண்டு அவர் ஊசியை எடுக்க வந்தபோது தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு நிமிஷம் சிஸ்டர். இந்தப் பாலத்தைத் தாண்டிடுறோம்."

"இத்தனை வருஷத்துல இங்க இன்னும் கொஞ்சம் இருக்கேன்னு சொன்ன ஆள் நீ ஒருத்திதான்" என்றார் நர்ஸ். ஆனாலும் நின்றார்.

வெளியே வந்து வண்டிக்காக அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டயாலிசிஸ் முடிந்த அசதியில் அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். வாங்கிய ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருந்தது தராசுக்கு நினைவு வந்தது. வேகம் போதாது என்று முதல் நாளே அவன் ஒதுக்கிய ஒரு மாடல் இருந்தது. விலை குறைவு, சத்தம் போடாது, பேட்டரி பெரிசு. பெரிய கேம் அதில் ஓடாது, இன்று ஆடியது தாராளமாக ஓடும். ஆனால் வாங்கியதில் படம் இன்னும் அழகாகத் தெரியும், வீட்டில் பிளக்கில் செருகி ஆடவும் ஆகும். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இது இருக்கட்டுமா, சத்தம் போடாத வேற ஒண்ணா மாத்தி வாங்கிடவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். அப்புறம் கண்ணைத் திறந்தாள். "நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கவா? அடுத்த தடவை உள்ள உட்கார்றியா, வெளிய உட்கார்றியா?"

"உள்ள" என்றான்.

அவன் யோசித்த மாதிரியே தெரியவில்லை. வண்டி வந்துவிட்டது. லேப்டாப் பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையால் தங்கையைப் பிடித்து மெதுவாக ஏற்றினான்.