கத்தரீனாள் வீட்டு மரமும் எதிர்க்காற்றும்

1

இந்தக் கதை பாதி வழியில் இறங்கிப்போன ஒருவருடையது. மூணாறிலிருந்து வட்டவடை போகும் ஜீப்பில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெண், ஜீப் டிரைவரிடம் சொன்னார்: "வீட்டுக்குப் பின்னால பெரிய கிராண்டிஸ் மரம் நிக்கி. காத்தடிச்சா விழுந்துரும்னு அறுக்கச் சொன்னா, காத்தடிக்கி, அறுக்க முடியாதுங்கான்."

ஜீப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எஸ்டேட் பாதை பிரியும் இடத்தில் இறங்கிவிட்டார். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: காற்று பேய்போல

(வேண்டாம். கதைகளில் எல்லாக் காற்றும் பேய்போலத்தான் வீசுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: மரம் அறுக்கும் ஜோமோன் மெஷின் வாளைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"காத்து நிக்கட்டும் சித்தி."

"காத்து நின்னா மரம் எதுக்குலே விழுது? அப்ப அறுக்கவே வேண்டாமே" என்றார் கத்தரீனாள். ஜீப்பில் வந்தவருக்கு நான் வைத்த பெயர் அது.

ஜோமோன் வாளை எடுத்துக்கொண்டார். நான் அவருக்குப் பதில் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

3

கிராண்டிஸ் என்னும் அந்த யூகலிப்டஸ் மரத்துக்கு ஒரு பக்கம் கத்தரீனாளின் வீடு, மறுபக்கம் முட்டைக்கோசுப் பாத்தி. பாத்தியில்தான் விழவேண்டும். மரத்தடியில் காற்று சுழன்று சுழன்று அடித்ததால், எந்தப் பக்கக் காற்று என்று ஜோமோனால் சொல்ல முடியவில்லை. அந்தோனியார் கோயில் கொடிமரத்தைப் பார்த்தார். அந்தோனியார் படம் போட்ட திருநாள் கொடி பாத்திப் பக்கமாக விரிந்து பறந்தது. நல்லதாயிற்று, காற்றே தள்ளிவிடும்.

(மரத்தின் உச்சியைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். மஞ்சு என்கிற மூடுபனி மறைத்திருந்தது. அந்த மஞ்சை இப்போதுதான் சேர்த்தேன். கொடியை மட்டும் அது மறைக்கவில்லை; கதைக்கு அது தேவை.)

பாத்திப் பக்கம் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார். பிறகு வீட்டுப் பக்கமிருந்து அறுக்கத் தொடங்கினார். பாதிக்கு மேல் போனதும் மரம் வீட்டை நோக்கி மெல்லச் சாய்ந்து, வாளின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. மெஷின் நின்றுவிட்டது. இழுத்தார். வரவில்லை.

"கொடி அந்தப் பக்கமில்லா பறக்கு!"

"அது எப்பவும் அந்தப் பக்கந்தான் பறக்கும்" என்றார் கத்தரீனாள். "திருநாள் வீடியோவுல அந்தோனியார் முகம் சுருங்காமத் தெரியணும்னு நாந்தான் கம்பி வச்சுத் தச்சு, திரும்பாமக் கட்டினேன்."

"சித்தி!"

"நீ துணியப் பாக்கவா வந்தே? மரம் அறுக்கத்தானே வந்தே?"

4

ஒரு சின்னக் காற்று போதும், மரம் வீட்டின் மேல் வந்துவிடும். ஜோமோன் அவரை ஓடச் சொன்னார். கத்தரீனாள் நேரே வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

(இந்த இடத்தில் அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. யாராவது இப்படிச் செய்வார்களா? வெளியே கொண்டுவரும் வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன். ஒன்றிலும் அவர் எழுந்திருக்கவில்லை.)

"வெளிய வாங்க சித்தி! செத்துப்போவீங்க!"

"நான் வெளிய நின்னப்ப நீ எப்படி அறுத்தேன்னு பாத்தேன்லா? உள்ள இருந்தாத்தான் உனக்குக் கவனம் வரும். வீடு மட்டும் ஒடஞ்சா எஸ்டேட் கம்பெனிக்காரன் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். ஆள் உள்ள இருந்தா மேனேஜரே வருவாரு."

"வந்து?"

"வேற வீடு தருவாரு."

"யாருக்கு?"

கத்தரீனாள் அதை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

5

முடிவு அ: காற்று நிற்கிறது. கத்தரீனாள் வெளியே வந்து, "காத்துதான் நின்னுட்டே, இனி எதுக்கு அறுக்கே?" என்கிறார். ஜோமோன் போய்விடுகிறார். பாதி அறுத்த மரத்தை அவர் அப்படி விட்டுப்போவார் என்று நான் நம்பவில்லை.

முடிவு ஆ: மரம் சடசடவென்று

[எழுத மாட்டேன். எழுதினால் நடந்துவிடும்.]

ஆகவே ஒரு சொல்லை மட்டும் நீங்கள் நிரப்ப விடுகிறேன்.

மேலே காற்று ________ பக்கம் திரும்பியது.

முடிவை உங்களிடம் விட்டதைக் கேட்டதும் ஜோமோன் மெஷினை மரத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய், கத்தரீனாளின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ எதுக்குலே உள்ள வந்தே?"

"வெளிய நின்னு பாக்க முடியல சித்தி."

"அப்ப மரத்த யாரு பாக்கது?"

ஜோமோன் இந்தப் பக்கம் கைகாட்டினார். கத்தரீனாள் சன்னல் வழியே உங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்களா? இவங்க இதுக்கு முன்னால மரம் அறுத்திருக்காங்களாலே?"