அத்தைக்கு இன்னொரு சுற்று

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலில் சொன்னவர் என் அத்தை, அதாவது மாமியார். மாமியார் சொன்னால் அப்படித்தான் சொல்வார் என்று தள்ளிவிடலாம். ஆனால் விமானக் கட்டுப்பாட்டு வேலைக்கான தேர்வில் என்னைச் சோதித்தவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக.

முதல் தேர்வில் நான் தோற்றது அதனால்தான். ‘இறங்கலாம்’ என்று சொல்லி நிறுத்த வேண்டிய இடத்தில், மழை ஈரம் இருக்கிறது, பார்த்து வாருங்கள், ஒன்றும் அவசரமில்லை என்று விருந்தாளியை வாசலில் நின்று அழைப்பவள் மாதிரி பேசியிருக்கிறேன். அதற்குள் இன்னொரு பைலட் பேச இடம் கிடைக்காமல் வானத்திலேயே தவித்தார்.

மறுதேர்வு ஒன்றுதான் உண்டு. அதிலும் கவிழ்ந்தால் கட்டுப்பாட்டு டவர் படியை மறந்துவிட வேண்டும். கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், விமான நேரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை காத்திருந்தது. வானத்தைப் பார்க்கத்தான் இந்த வேலைக்கே வந்தேன் என்று அந்தச் சுவரிடம் போய்ச் சொல்ல முடியுமா?

வீட்டில் சாப்பாட்டு மேசை ரன்வே ஆனது. சிட்டி பஸ் ஓட்டும் என் கணவர் இரண்டு டப்பாக்களைக் கையில் எடுத்துக்கொள்வார்.

“உப்பு எறங்கணும். மிளகு கெளம்பணும். என்ன செய்வ?”

“மிளகு நிற்கவும். உப்பு இறங்கலாம்.”

“அவ்ளோதானா?” அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். “ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?”

டவரில் ஒரு பழக்கம் உண்டு. ரன்வேக்குள் ஏதாவது வண்டி போனால், எங்கள் முன்னால் இருக்கும் பலகையில் ஒரு சிவப்புப் பட்டையைச் செருக வேண்டும். வண்டி வெளியே வந்துவிட்டதாகச் சொன்னதும் எடுக்க வேண்டும். பட்டை இருக்கும்வரை எந்த விமானத்துக்கும் ரன்வே கிடையாது. வீட்டில் அதற்குத் துணி காயப்போடும் சிவப்புக் கிளிப். ஒருநாள் கிளிப்பை எடுக்க மறந்து, சாம்பார் கிண்ணத்தை மேசையில் வைக்க விடாமல் கணவரை நிற்கவைத்தேன்.

“கை சுடுது, தாயே!”

“பட்டை இருக்கு. இறங்க முடியாது.”

மறுதேர்வு அன்று மழை. டவரில், நிஜ விமானங்களை வைத்துத்தான் தேர்வு. பின்னால் தேர்வாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. சிரிக்க மாட்டார், முறைக்க மாட்டார், திறக்கவே மாட்டார். போதாததற்கு, நாத்தனார் வீட்டிலிருந்து அத்தை அன்றைக்குத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தார். விமானம் என்றாலே அவருக்கு ஆகாது. போகும்போது, வழியனுப்பப் போன என் கணவரின் கையை அவர் பிடித்த பிடியில் நகத்தடம் விழுந்திருந்தது.

ரன்வேயில் பறவை விரட்டும் ஜீப்புக்கு அனுமதி கொடுத்தேன். சிவப்புப் பட்டையைச் செருகினேன். அதன்பின் இரண்டு விமானங்கள் ஒரே சமயத்தில் நகர அனுமதி கேட்டன, பக்கத்தில் தொலைபேசி அடித்தது, எல்லோருக்கும் பதில் சொன்னேன். அளவாகத்தான் சொன்னேன். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அப்போதுதான் அத்தையின் விமானம் இறங்கும் பாதையில் வந்தது. ‘இறங்கலாம்’ என்று வாயெடுத்தேன். பலகையில் சிவப்பு.

ஜீப் வெளியே வந்துவிட்டதா? வந்த மாதிரிதான் இருந்தது. டிரைவர் அப்படிச் சொன்ன குரலைக் கேட்ட மாதிரியும் இருந்தது. ஆனால் இன்றைக்குக் கேட்டதா, நேற்றுப் பயிற்சியில் கேட்டதா? ரன்வேயின் மறுகோடி மழையில் கரைந்து கிடந்தது. ஜீப்பைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை.

திரும்பிப் பூட்டைப் பார்த்தேன். பூட்டு பூட்டாகவே இருந்தது.

பட்டையை உருவிவிட ஒரு விநாடி போதும். தேர்வும் முடிந்துவிடும், அத்தையும் சத்தமில்லாமல் வந்து சேர்வார். கை பட்டைவரை போனது. போன கை திரும்பி வந்தது.

“இறங்க வேண்டாம். மேலே ஏறி, சுற்றி வரவும்.”

விமானம் உறுமிக்கொண்டு எங்கள் கண்ணெதிரே மேலே போனது. உள்ளே ஒருவர் என்னை என்னவெல்லாம் திட்டுவார் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும்.

அது வட்டமடிக்கும்போதே ஜீப் டிரைவர் ரேடியோவில் வந்தார். “நான் அப்பவே வெளிய வந்துட்டேன்னு சொன்னேனே! நீங்ககூட சரின்னீங்க. இங்க வெளிய ஒரு பறவை அடிபட்டுக் கெடந்துச்சு, ஓரமாப் போட எறங்கினேன், நீங்க கூப்பிட்டது கேக்கல.”

சரி என்றிருக்கிறேன். பட்டைக்குக் கை நீளும் நேரத்தில் தொலைபேசி அடித்திருக்கிறது. அவ்வளவுதான். ஜன்னல் இல்லாத அறைக்கு என்ன கலர் பெயின்ட் அடிக்கச் சொல்லலாம் என்று யோசித்தபடி அத்தையைப் பத்திரமாக இறக்கினேன்.

வேலை நேரம் முடிந்ததும் பூட்டு திறந்தது.

“ஜீப் வெளிய வந்தது எனக்குத் தெரியும். நானும் கேட்டுட்டுதான் இருந்தேன்.”

“அப்போ ஏன் சார் சொல்லல?”

“சுத்தி வர்றதுல ஆபத்து இல்ல. அதனால சொல்லல. ஞாபகத்த நம்பி நீங்க பட்டைய எடுத்திருந்தீங்கன்னா, அந்த நிமிஷமே சீட்ட விட்டு எழுப்பி விட்டிருப்பேன்.” எழுந்து மழைக்கோட்டை மாட்டினார். “ஆனா மறந்தது தப்புதான். போன் அடிச்சா அடிக்கட்டும், மொதல்ல பட்டை. நாளைக்குத் தனியா உக்காருங்க.”

தனியாக என்றால் தேறிவிட்டேன் என்று அர்த்தம். நன்றி சொல்ல எனக்கு ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. “சரி சார்” என்றேன்.

வீட்டுக்குப் போனால், கூடத்தில் கால் நீட்டி அத்தை கச்சேரியை ஆரம்பித்திருந்தார்.

“தரை தெரியுதுடா! கால ஊன்றப் போறோம்னு செருப்பக்கூட மாட்டிட்டேன். படக்குன்னு மேல தூக்கிட்டான். கீழ எவளோ ஒருத்தி வேணாம்னுட்டாளாம். எவ அவ? அவ கையில கெடைச்சா...”

கணவர் என்னைப் பார்த்தார். நான் குடையை மூலையில் வைத்தேன். “நான்தான் அத்தை.”

நடந்ததைச் சொன்னேன், மறந்ததையும் சேர்த்து. பத்து வருஷமாகச் சமையலறையில் என்னைச் சுற்ற விட்டவரை நான் ஒரே ஒரு சுற்றுதான் விட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் வாய் அளவோடு இருக்கிறது.

“அப்போ ஜீப்பு அங்க இல்லயா?”

“இல்லத்தை.”

“இருந்திருந்தா?”

அத்தை நீட்டிய கால்களை மடக்கிக்கொண்டார். “நனைஞ்சிருக்க. போய்த் தலையத் தொவட்டு” என்றார்.

துவட்டிக்கொண்டு வரும்போது நாத்தனாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமாடி, நம்ம வீட்டுப் பொண்ணுதான். எறங்காதேன்னா, அம்மாம் பெரிய விமானம் மறுபேச்சில்லாம மேல போகுது! பைலட்டே இவ பேச்சக் கேக்கறான்.” மறுமுனையில் நாத்தனார் ஏதோ கேட்டாள்.

“நானா? நான் எதுக்குடி இவ பேச்சக் கேக்கணும்? நான் என்ன பைலட்டா?”