ஆழ்வாப்பிள்ளை சொல்லாத சாட்சி

முற்றத்தில் அப்பாவின் செத்தவீட்டுப் பறை முழங்கியது. சட்டத்தரணி தொலைபேசியில் சொல்வது கேட்கவில்லை. நிவேதனா மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வழக்கை நீங்கள் கொண்டுபோகலாம் பிள்ளை. அப்பாவின்ரை இடத்திலை உங்களைப் போடலாம். ஆனா அவர் சாட்சி சொல்லேல்லையே. பற்றுச்சீட்டுத் துண்டும் இல்லை. கஜானன் என்ன சொல்லி வித்தவன் எண்டு இனி ஆர் சொல்லுறது?"

விதை உருளைக்கிழங்கு என்று சொல்லிக் கறிக்கிழங்கைக் கொடுத்திருந்தான் கஜானன். பாதி முளைக்கவில்லை, முளைத்தது அழுகியது. ஒன்றுவிட்ட தங்கையின் மகனான அவனிடம் பற்றுச்சீட்டு கேட்க அப்பா ஆழ்வாப்பிள்ளைக்கு வெட்கம். கேட்காமலே வந்துவிட்டார்.

பிறகு வழக்குப் போட்டு ஐந்து வருடம் கோட்டுப் படி ஏறி இறங்கினார். நட்டத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. "உவன் பொய் சொல்லி வித்தவன் எண்டு நீதிபதி எழுதவேணும். அது காணும்" என்பார்.

பங்குனியில் அவர் சாட்சிக் கூண்டேற வேண்டிய முறை. அதற்கு முதல் கிழமை கஜானன் வீட்டுக்கு வந்து, சமாதானமாய்ப் போவோம், கொஞ்சம் பொறுங்கோ என்றான். தவணை கேட்கச் சொன்னது நிவேதனாதான். வழக்கு ஆவணிக்குப் போனது.

"என்ரை வயசு அவனுக்குத் தெரியும்" என்றார் அப்பா. அவள் சிரித்தாள்.

அதன்பிறகு கஜானன் இந்தப் பக்கம் வரவில்லை. இன்று, ஆடி கடைசியில், மாலையோடு வந்திருந்தான். செத்தவீட்டுக்கு வந்தவனைச் சண்டிலிப்பாயில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. சித்தப்பா கதிரை இழுத்துப் போட்டார்.

"மாமா தங்கமான மனிசன்" என்றான் அவளிடம்.

"சமாதானம் எண்டனீங்கள்."

"செத்தவீட்டிலை உந்த வழக்கைக் கதைக்கலாமே மச்சாள்?"

பெட்டியைத் தூக்கியபோது முன்மூலைக்குத் தோள் கொடுத்தவன் கஜானன். சித்தப்பா அவள் பக்கம் குனிந்தார்.

"பெட்டியைக் காவுறான் பார். பகை தீந்துது எண்டுதான் ஊர் கதைக்கும். நீயும் வழக்கை விடு பிள்ளை."

வாசல் படலையடியில் நிவேதனா பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"மச்சான், தோளை எடுங்கோ."

"விசரே உனக்கு? விலத்தடி!" என்று சித்தப்பா கத்தினார்.

"அவர் எடுக்கட்டும். விலத்திறன்."

பறை நின்றுவிட்டது. கஜானன் சுற்றிப் பார்த்தான். அவனுக்காக யாரும் வாய் திறக்கவில்லை. அவன் தோளை உருவினான். பெட்டி ஒருபக்கம் சரிந்தது. யாரோ ஓடிவந்து தாங்கினார்கள்.

அப்பா கூண்டில் சொல்ல வைத்திருந்த எதையும் இது சொல்லிவிடவில்லை. அவள் விலகினாள்.

படலைக்கு அப்பால் பெண்கள் போவதில்லை. ஆண்கள் எல்லோரும் பெட்டியின் பின்னால் ஒழுங்கையில் இறங்கிப் போனார்கள். முற்றத்தில் பெண்களுக்கு நடுவே கஜானன் மட்டும், சட்டைத் தோளில் ஒட்டிய பூவிதழ்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு நின்றான்.