இடியாப்பத் தட்டும் பந்தயக் காரும்

கார் கடைசிச் சுற்றில் பாதி வந்ததும் திரை படக்கென்று அணைந்துவிட்டது. அஸீலாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வாப்பா முகம்மது மைதீனுக்குக் கோபமே வரவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, பெட்ரோல் தீர்ந்துவிட்டது போல என்றார்.

துபாயில் காலமெல்லாம் டிரைவர் வேலை பார்த்த மனுஷர். இருதயம் தளர்ந்துவிட்டது, இனி வீட்டில் வைத்தே பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஸ்டியரிங் பிடித்த கை சும்மா கிடக்கிறதே என்று அஸீலாவின் தம்பி ரசீத் துபாயிலிருந்து கார்ப் பந்தய விளையாட்டோடு தன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டிருந்தான். தொண்ணூற்றொன்பதில் மேலப்பாளையத்தில் எத்தனை வீட்டில் லேப்டாப் இருந்தது? தெருவே வந்து எட்டிப் பார்த்தது. ஆனால் பந்தயமாம் பந்தயம்! வாப்பா முப்பதைத் தாண்டமாட்டார். பின்னால் வருகிறவனுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிடுவார். மற்ற கார்க்காரன் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்கியே இருப்பான். ஒரு தடவையாவது கோட்டைத் தொட்டுவிட வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. தொடுவதற்குள் அணைந்துவிடும்.

நெல்லை வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் பார்க்கிற உமர் பாரூக்கிடம் கொண்டுபோயும் ஆயிற்று. அவன் மேசையில் அது பகல் முழுக்க ஓடியது. உங்கள் வீட்டுக் கரண்டுதான் சரியில்லை என்றான். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார்கள். அதற்கும் அது அடங்கவில்லை.

இன்றைக்கு அஸீலா விடுவதாக இல்லை. லேப்டாப்பைத் தூக்கி அடியில் கையை வைத்தாள். தோசைக்கல்லாகக் கொதித்தது. அது கிடந்த மெத்தையும் சுட்டது. கடையில் மேசை, இங்கே பஞ்சு மெத்தை. காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் பஞ்சில் புதைந்து மூச்சு முட்டினால் அது என்ன செய்யும், பாவம்? நேரே அடுப்படிக்குப் போய்ப் பிரம்பு இடியாப்பத் தட்டு இரண்டை எடுத்துவந்து, மெத்தையில் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள்.

உம்மா ஷரீபா பீவி நிலைப்படியில் நின்று முறைத்தாள். திங்கிற தட்டைப் போயா என்று தொடங்கியவளை வாப்பா கையமர்த்தினார்.

சூடு ஆறியதும் கார் மறுபடி கிளம்பியது. முதல் சுற்று போயிற்று, அடுத்ததும் போயிற்று. முறைத்துக்கொண்டிருந்த உம்மாவும் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கடைசிச் சுற்றில் அஸீலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரை அணையவில்லை. கார் பைய ஆடி அசைந்து கோட்டைத் தாண்டியது. கடைசி இடம்.

“ஏளா, ஒருத்தனையும் இடிக்காம வந்து சேந்துட்டேன், பாத்தியா,” என்றார் வாப்பா.

அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அஸீலாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. செத்த நேரம் கண்ணசருகிறேன் என்று அவர் தலையணையில் சாய்ந்தார். அந்தியில் பள்ளிவாசலில் மஹ்ரிபு பாங்கு சொன்னபோது உம்மா எழுப்பினாள். அவர் எழும்பவில்லை. தட்டின்மேல் லேப்டாப் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அடக்கம். மூன்று நாளும் அக்கம்பக்கத்திலிருந்து சாப்பாடு வந்தது. அதன் பிறகு உம்மா அடுப்பைப் பற்றவைத்து, இடியாப்பம் பிழிய உட்கார்ந்தாள். தட்டு இரண்டு குறைந்தது. எங்கே இருக்கிறது என்று இருவருக்குமே தெரியும். அஸீலா எழுந்தாள்.

“இருக்கட்டும்ளா,” என்றாள் உம்மா. “இருக்கத வச்சி அவிச்சிக்கிடுவோம்.”

உள்ளே கட்டிலில் மெத்தையைச் சுருட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் பலகையின்மேல் தட்டு இரண்டும், அதன்மேல் மூடிய லேப்டாப்பும் அப்படியே இருந்தன.