நடுங்கிய தங்கம்

ஆராய்ச்சிக் கூடத்தின் அடித்தளத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்கி வந்தவரை எல்லாரும் பாதாளத்தார் என்றே கூப்பிட்டார்கள். அவரும் முனைவர் பட்டம் வாங்கியவர்தான். ஆனால் மாடிக்கு மாடி முனைவர்கள் குவிந்து கிடக்கும் கட்டடத்தில், கீழே இருப்பவர் பெயரோடு பட்டம் ஒட்டுவதில்லை.

நுண்ணோக்கி என்பது ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் ஓர் இரும்புத் தூண். தலைமுடி ஒன்றைப் பல்லாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு சின்னத் துகளையும் அது காட்டிவிடும். அந்தப் பெருமையால் அதற்கு ரோஷமும் அதிகம். பக்கத்தில் யாராவது நடந்தால் படம் ஆடும், பேசினால் நடுங்கும். ஆகவே படம் எடுக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். சட்டத்தை இயற்றியவர், அமல்படுத்தியவர், மீறியவர்களை முறைத்தே சாம்பலாக்கியவர் எல்லாம் பாதாளத்தாரேதான். தும்மிய குற்றத்துக்காக இயக்குநரையே வெளியே நிற்க வைத்தவர். லிஃப்ட் ஓடினால் அதிருகிறது என்று அதையும் நிறுத்தச் செய்து, மொத்தக் கூடத்தையும் படியேற விட்டவர்.

இருந்தாலும் ஆட்கள் வந்தார்கள். வியர்வை நாறாத காலுறைக்கு வெள்ளித் துகள் பூசி உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் வந்தார்கள். அழுக்குத் தண்ணீரை வடிகட்டும் சவ்வுக்காரர்கள் வந்தார்கள். தவறாமல் வந்தவள் மருந்துக்காரம்மா. தங்கத் துகள்மேல் மருந்தைப் பூசி, உடம்பில் மற்ற இடங்களைத் தொடாமல் புற்றுக்கட்டிக்கு மட்டும் கொண்டுசேர்க்கப் பார்க்கிற ஆராய்ச்சியாளர். கருவிக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் அல்லவா, அந்த நேரத்தில் கணவரின் குறட்டை முதல் நாத்தனாரின் நாக்கு வரை ஒன்று விடாமல் சொல்லிவிடுவாள். பாதாளத்தார் வெறும் ‘ம்’ போடுவார். அந்த ‘ம்’முக்காகத்தான் அவர் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார் என்பது அவருக்கே தெரியாது.

வீட்டில் பேச ஆளில்லை. மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். அவர் மனைவி அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். போன் போட்டால், “சாப்ட்டீங்கல்ல? இருங்க, இவன் அழறான்” என்பதோடு உரையாடல் இனிதே நிறைவுறும்.

இந்த நிலையில்தான் இயக்குநர் புது ஏற்பாடு கொண்டுவந்தார். “இனி யாரும் அடித்தளத்துக்கு இறங்க வேண்டாம். படம் உங்கள் மேசைக்கே வரும்” என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

“நீங்களும் வரமாட்டீங்களாம்மா?” என்று மருந்துக்காரம்மாவிடம் கேட்டார் பாதாளத்தார்.

“முட்டி வலிண்ணே. லிஃப்டையும் நீங்கதானே நிறுத்தி வச்சிருக்கீங்க.”

அன்றிலிருந்து அந்த ஏற்பாடு எப்படியாவது மண்ணைக் கவ்வ வேண்டும் என்பது ஒன்றே அவருடைய வேண்டுதலாக இருந்தது.

தொடக்க விழா மேல்தளத்தில் நடந்தது. மருந்துக்காரம்மாவின் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று முடிவு செய்யும் குழுவும் அன்றைக்கே வந்திருந்தது. துகளைச் சுற்றி மருந்துப் பூச்சு சீராக இருப்பதை அவர்கள் கண்ணால் பார்த்தாக வேண்டும். பாதாளத்தார் கீழே தனியாக உட்கார்ந்து படத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். மேலே பேசுவது அவருக்குக் காதில் மாட்டிய ஹெட்போனில் கேட்டது. அவர் பேசுவது மேலே கேட்காது.

“அன்பர்களே, நாம் அணுவின் வாசலில் நிற்கிறோம்” என்று தொடங்கினார் இயக்குநர்.

“வாசல்லயே ஏன் நிக்கிறீங்க, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க” என்றார் பாதாளத்தார், இரும்புத் தூணிடம்.

மேலே சலசலப்பு. “பாருங்கள், துகள்கள் துடிக்கின்றன” என்றது இயக்குநரின் குரல். “உயிர் காக்கப் புறப்பட்டவற்றின் துடிப்பு இது.” கைதட்டல்.

“காய்ஞ்சு ஒட்டிக்கிட்டிருக்குய்யா அது. சுவத்துல அடிச்ச ஆணி துடிக்குமா?”

“பூச்சு தெரியலையே. ஒரே மங்கலா ஆடுது” என்றது ஒரு பெண் குரல். குழுத் தலைவியாக இருக்க வேண்டும்.

பாதாளத்தாருக்கு உள்ளம் குளிர்ந்தது. “ஆடட்டும், நல்லா ஆடட்டும். எல்லாரும் படியிறங்கி என்கிட்டதான் வரணும்” என்று சொல்லிக்கொண்டே தன் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் தங்கம் ஒருமுறை சிலிர்த்தது.

வாயை மூடினார். நின்றது. “ம்” என்றார். ஆடியது.

படம் ஓடும்போது இந்த அறையில் அவர் இதற்கு முன் பேசியதே இல்லை. பக்கத்தில் ஆள் இருந்தவரை சட்டம் ஞாபகம் இருந்தது. வீட்டில் குளிர்பெட்டி உறுமினால் “என்ன இப்ப?” என்று கேட்கிற பழக்கம், அவருக்குத் தெரியாமலே கூட வந்து இங்கேயும் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறது.

இன்னும் கொஞ்சம் பேசினால் போதும். ஏற்பாடு படுத்துவிடும், எல்லாரும் பழையபடி வருவார்கள்.

“படம் இப்படின்னா, அடுத்த வருஷக் கூட்டத்துல பாத்துக்கலாம்” என்றாள் தலைவி.

“கொஞ்சம் பொறுங்க மேடம்.” மருந்துக்காரம்மா குறுக்கிட்டாள். “கீழ அண்ணன் இருக்காரு. அவர் பாத்துப்பாரு.”

பாதாளத்தார் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இயக்குநர் விடவில்லை. தங்கமும் மருந்தும் கைகோத்து நடப்பதாகச் சொன்னார். இனி மனிதக் கை படாமல் விஞ்ஞானம் தானே நடக்கும் என்றார். ஒவ்வொன்றுக்கும் அருமையான பதில்கள் பாதாளத்தாரின் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயின. திரையில் தங்கம் அசையாமல் நின்றது. ஒவ்வொரு துகளையும் சுற்றி மெல்லிய சாம்பல் நிற வளையமாய் மருந்துப் பூச்சு, ஒரே சீராக.

“ஆங், தெரியுது. அழகா தெரியுது” என்றாள் தலைவி.

சற்று நேரத்தில் போன் அடித்தது.

“அண்ணே, ஒத்துக்கிட்டாங்க. முதல்ல அந்த ஆட்டம் ஆடிச்சு, அப்புறம் கல்லு மாதிரி நின்னுடுச்சே. என்னண்ணே பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலம்மா.”

“சும்மா சொல்லாதீங்க. நாளைக்கு அடுத்த சாம்பிளை மேல்படியில வச்சிடுறேன், எடுத்துக்குங்க.”

“கீழ வந்தீங்கன்னா இன்னும் தெளிவா பாக்கலாம்.”

“இங்கயே நல்லாத் தெரியுதுண்ணே. இதோ, இப்பத்தான் திரைகிட்ட வந்து பாக்கறேன், அப்படியே நிக்குது.”

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. குறட்டை எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். நாத்தனார் ஊருக்குப் போய்விட்டாளா என்று கேட்கலாம். “வீட்ல எல்லாரும்...” என்று ஆரம்பித்தார்.

“ஐயோ அண்ணே, மறுபடி ஆடுது. வச்சிடுறேன், என்னன்னு பாருங்க.”

வைத்துவிட்டாள். படம் நின்றது.