வெறுந்தாளுக்குப் போடாத மருந்து

ஆய்வுக்கூடத்தில் அவரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் 'மாமா' என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவர் அங்கே ஒரே ஒருத்திக்குத்தான் மாமா. கூடத்தின் தலைவியான விஞ்ஞானி அவர் மனைவியின் தங்கை. தாய் தகப்பன் போனபின் பத்து வயதில் அக்காவோடு வந்து ஒட்டிக்கொண்டவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவர் அவர்தான். பிற்பாடு அவர் வேலை பார்த்த பட்டறை மூடியபோது, தன் கூடத்துத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவள் அவருக்கு வாங்கிக் கொடுத்தாள். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். அவள் அப்படிப் பாய்கிற ரகம் இல்லை.

கடல்நீரை அழுத்தி ஒரு சவ்வுத் தாள் வழியே தள்ளினால் உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும், நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் கடல்நீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களெல்லாம் தாளில் ஒட்டி, கொழகொழவென்று படர்ந்து, சில மாதத்தில் அதை அடைத்துவிடும். அப்படி ஒட்டாதபடி தாளின் மேல் ஒரு பூச்சு ஏற்றத்தான் அவள் எட்டு வருடமாகக் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை ஒரு தொட்டியில் பூச்சுத் தாளும் இன்னொன்றில் பூச்சில்லாத வெறுந்தாளும் வைத்து ஓட்டினார்கள். தொண்ணூறு நாள் கழித்துத் திறந்தால் வெறுந்தாள் சளிபிடித்துக் கிடந்தது. பூச்சுத் தாள் நேற்று வைத்தது போல இருந்தது. அன்று அவள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஒரு நகரத்துக்கே குடிதண்ணீர் தரும் ஆலையில் அவள் தாள் ஏறியது. ஏழாம் மாதம் அத்தனையும் அடைத்துக்கொண்டது. 'என் தாளில் எதுவும் ஒட்டாது, ஆலை ஆபரேட்டர் கடல்நீரைச் சரியாக வடிகட்டவில்லை' என்று அவள் எழுதிக் கொடுத்தாள். படித்தவள் சொன்னால் மறுபேச்சு ஏது? ஆபரேட்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இன்று ஆய்வுக்கூடத்திலேயே விசாரணை.

அந்த ஆபரேட்டர் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். மாமா டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்ட மட்டும் அந்தத் தாள் எப்படி மூணு மாசம் அப்படியே இருந்துச்சு?"

மாமாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அவரிடம் போய் யார் இதையெல்லாம் கேட்பார்கள்? "பாத்துக்கறதுலதான் தம்பி இருக்கு. சனி ஞாயிறு இங்க மெஷின் ஓடாது. நின்ன தண்ணி கெட்டுப்போகும்ல? அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாள் கெடாம இருக்கற மருந்துப் பொடியக் கலந்து விட்டுட்டுத்தான் கிளம்புவேன். தீக்குச்சி உரசின மாதிரி நெடி மூக்கப் பிடுங்கும். ஆனாலும் ஒரு வாரம் தவறினதில்ல."

"எங்க மெஷின் நிக்கறதே இல்லையே சார். நாங்க எங்க மருந்து போடறது?" ஆபரேட்டர் டீயை ஆற்றினார். "ரெண்டு தொட்டியிலயும் போடுவீங்களா?"

மாமா தொட்டிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

போட்டதில்லை. வெறுந்தாள் சும்மா ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது, கெட்டால் கெட்டுப்போகட்டும், அதற்கு எதற்கு மருந்து என்று விட்டுவிட்டார். மாற்றாந்தாய் கூட ஊருக்குப் பயந்தாவது ஒரு வாய் சோறு போடுவாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே பையைத் தூக்குகிற படிப்பாளிகளும் இதை ஒருநாளும் கேட்கவில்லை. அப்படியானால் மூன்று மாதம் எதையும் ஒட்டவிடாமல் காத்தது அவர் கைப்பொடிதான். அவளுடைய பூச்சு ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கலாம். நேராக அவள் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"எத்தனை வாரம்?" என்று கேட்டாள்.

"பதின்மூணும்."

"வெறுந்தாளுக்கு?"

"போடலம்மா."

திட்டுவாள் என்று நின்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"மாமா, நீங்க என்கிட்ட எதுவும் சொல்லல. வீட்டுக்குப் போங்க."

"அந்த மனுஷன் வெளியில உக்காந்திருக்காரும்மா."

"அவருக்கு வேற வேலை கிடைக்கும். எனக்கு வேற எட்டு வருஷம் கிடைக்காது. அக்காவுக்காகவாவது பேசாம இருங்க."

அவள் கேட்டு அவர் இதுவரை எதையும் மறுத்ததில்லை. பதினோரு வயதில் அவள் மழையில் ஒரு ரிப்பனுக்காக அழுதபோது கூட மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்தவர். அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவள் யாரையும் பார்க்காமல் விசாரணை அறைக்குள் போனாள்.

ஆபரேட்டரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மாமாவும் எழுந்தார். இனி அவள் தங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டாள். 'நீங்க வாய மூடிட்டு இருந்தா என்ன குடியா முழுகிப்போயிருக்கும்?' என்று மனைவி கேட்பாள். இருந்தும் கால் உள்ளே போய்விட்டது.

மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் அவள்.

"நீங்க யாரு?" என்றார் நடுவில் இருந்தவர்.

எந்த ஆபீசில் யார் கேட்டாலும் 'டாக்டரம்மாவுக்கு மாமா' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிப் பழகிய வாய். அவள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"தொட்டியில வேலை பாக்கறவன் சார்," என்றார்.