யன்னல் சீலை

பறை அடிக்கத் தொடங்கிய நேரம் பார்த்துத்தானா செத்தவனுடைய போனும் அடிக்க வேண்டும்?

சுவர் ஆணியில் தொங்கிய சட்டைப் பைக்குள் கிடந்து அது அடித்தது. சும்மா மணியோசையா? கலியாண வீட்டில் தாலி கட்டும்போது போடுகிற கெட்டிமேளம். வாற விருந்தாளிக்கு மேளம் அடித்து வரவேற்க வேண்டாமா என்று ஜெயரூபன் தானே தேடிப்பிடித்துப் போட்டு வைத்தது. வாசலில் சாப்பறை, உள்ளே கலியாண மேளம். கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் திகைத்துப் போனார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுவதுபோல் குனிந்தாள்.

தலைமாட்டில் இருந்த விஜிதாவும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் எழும்புமுன்பே அண்ணன் மாரிமுத்து எட்டி எடுத்துவிட்டான்.

"ஹலோ... ஓம், ஜெயரூபன்ர நம்பர்தான். நான் அவற்ற மச்சான் கதைக்கிறன். அவர் இல்லை... அறையோ? இல்லையில்லை, இந்த இடம் மூடியாச்சு. இனி இஞ்சை ஒண்டும் நடக்காது. நீங்கள் யாழ்ப்பாணத்துக்கே வந்திடுங்கோ. என்ர வீடு டவுனுக்கு நடுவிலை, கோட்டைக்குக் கிட்ட. ஒல்லாந்தர் காலத்து வீடு. விலாசம் அனுப்பிவிடுறன்."

போனை அணைத்துத் தன் வேட்டி மடிக்குள் செருகிக்கொண்டு வெளியே போனான்.

விஜிதாவுக்கு அழுகை அப்படியே நின்றுபோனது. நேற்று மத்தியானம் தண்ணி மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்த மனிசன், நெஞ்சைத் தடவிக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்தான். "விஜி, ஒரு மாதிரிக் கிடக்கு" என்றான். ஓட்டோ வந்து திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் இந்தா, கண் முன்னால் வேட்டி சால்வையோடு கிடக்கிறான். உடம்பு இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் இடம் மூடியாச்சாம்! ஆரைக் கேட்டு மூடினது?

அவள் மயங்கப் போகிறாள் என்று நினைத்து ஆரோ சோடாப் போத்தலை நீட்டினார்கள். அவள் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த இடம் என்றால் மாளிகை ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால், பனைகளுக்கு நடுவே, கடலைப் பார்த்த ஒற்றை அறை. பூநாரை பார்க்கவும் கடலில் குளிக்கவும் தீவுக்கு வருகிறவர்கள் தங்கிப் போகட்டும் என்று இரண்டு பேரும் கட்டினது. மேசனுக்குப் பக்கத்தில் நின்று சாந்து குழைத்துக் கொடுத்தவள் விஜிதா. கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே ஊரார் வயலில் நாற்று நட்டு வளர்ந்த கைக்கு அதென்ன பெரிய வேலை? கிடுகு வேய்ந்து முடிந்த அன்று ஜெயரூபன் உள்ளே போய் வெறும் சீமெந்துத் தரையில் மல்லாக்காகப் படுத்து, "இப்ப நான் விருந்தாளி. தேத்தண்ணி கொண்டு வாங்கோ முதலாளி அம்மா" என்றான். அவள் தண்ணியை அள்ளி மூஞ்சியில் ஊற்றினாள்.

போன் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள். யாழ்ப்பாணம் டவுனில் தங்குகிறதா, தீவில் தங்குகிறதா? அதற்கு அவன் சொல்லுகிற மறுமொழியைக் கேட்டால் விஜிதாவுக்குப் பத்திக்கொண்டு வரும்.

"டவுன் நல்ல டவுன்தான். கோட்டை இருக்கு, பழைய வீடுகள் இருக்கு, ஐஸ்கிறீம் இருக்கு. இஞ்சை ஒண்டும் இல்லை. காத்துத்தான். காத்து வேணுமெண்டா வாங்கோ."

"இப்பிடிச் சொன்னா எந்த விசரன் வருவான்?" என்று அவள் கேட்பாள்.

"விசரன்தான் வருவான். அவனோடை இருந்து கதைக்க நல்லாயிருக்கும்."

வரவும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரேயொரு குறை. கிழக்கு யன்னலால் வெயில் விடிய வெள்ளென வந்து முகத்தில் அடிக்கும். யன்னலுக்குச் சீலை போடத் தண்ணி பைப்புத் துண்டொன்றை மாட்டினான் ஜெயரூபன். சீலை மட்டும் வந்தபாடில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு மழைக்காலம் போய்விட்டது. அதுபற்றி முந்தநாள்கூட இரண்டு பேருக்கும் நல்ல சண்டை.

அண்ணன் மாரிமுத்து இந்த அறையை ஒருநாளும் அறை என்று சொன்னதில்லை. 'மண்கும்பிக் கொட்டில்' என்பான். அவன் யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டி, பெரியகடைப் பக்கம் பழைய வீடொன்றைக் குத்தகைக்கு எடுத்து விடுதி நடத்துகிறவன். அவனுடைய விசிட்டிங் கார்டில் மாரிமுத்து இல்லை, மாறன் இருக்கிறான். மாரிமுத்து என்றால் மலைநாட்டுப் பேர் என்று கண்டுபிடித்து விடுவார்களாம். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை என்றால் கட்டில் கடிக்குமோ என்னவோ!

வெளியே பந்தலாகக் கட்டிய படங்குக்குக் கீழே கதிரைகள் நிறைந்திருந்தன. மாறனின் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது.

"இண்டைக்குச் சுடலையாலை வந்த கையோட நான் கூட்டிக்கொண்டு போறன். மேல் மாடியிலை ஒரு அறை சும்மா கிடக்கு. பிள்ளைக்கும் டவுன் பள்ளிக்கூடம். இவளும் சமையலைப் பார்த்துக்கொண்டு, அறையளைக் கூட்டிக் கழுவிக்கொண்டு எங்களோட இருக்கலாம். இந்தக் கொட்டிலை ஆரும் கேட்டா வாடகைக்குக் குடுத்து விடலாம்."

நல்ல முடிவு, நல்ல முடிவு என்றார்கள் இருந்தவர்கள். ஜெயரூபனின் தம்பி சுஜன் கொழும்பிலிருந்து விடியத்தான் வந்து இறங்கியவன். கொள்ளிச்சட்டியைப் பற்றி ஐயரிடம் விசாரித்துக்கொண்டிருந்தவன் அதற்கும் தலையாட்டினான். வாசலில் கட்டிய குருத்தோலைத் தோரணத்தைக் கழுதை ஒன்று நின்று நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் மீன் விற்கிற கிறேஸ் மட்டும் அதைக் கண்டு, "சூய்! உனக்கும் பந்தியோ?" என்று விளக்குமாற்றோடு ஓடினாள்.

பிரேதம் வெளிக்கிடுகிற நேரம் வந்தது. அண்ணன் தட்டத்தோடு உள்ளே வந்தான். பின்னால் அம்மா பேச்சியம்மா. தட்டத்தில் கோடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சீலை. புருசனை இழந்தவளுக்குப் பிறந்த வீடு கொண்டுவருகிற சீலை. இனி உனக்கு நாங்கள் என்று சொல்லுகிற சீலை. பெண்களின் ஒப்பாரி உச்சத்துக்கு ஏறியது.

"எழும்பு பிள்ளை, கோடியை வாங்கு. இனி நீ ஒண்டையும் யோசியாத. எல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்ளுவன்."

விஜிதா எழும்பினாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"சீலையைத் தாங்கோ அண்ணா. போனையும் தாங்கோ."

"என்ன?"

"இவற்ற போன். உங்கட மடிக்குள்ள கிடக்கு."

"இப்ப உனக்கு என்னத்துக்குப் போன்? செத்தவீட்டுக்குள்ள நிண்டு..."

"செத்தவீட்டுக்குள்ள நிண்டுதானே நீங்களும் கதைச்சனீங்கள்."

ஒப்பாரி பட்டென்று அறுந்தது. இத்தனை பேர் பார்க்க என்ன செய்வான்? கொடுத்தான். விஜிதா சீலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைசியாக வந்த நம்பரைத் திருப்பி அழுத்தினாள். எடுத்தது ஒரு பெண்.

"ஹலோ, றினோஸா பேசுறேன். கண்டியிலிருந்து. வெள்ளிக்கிழமைக்கு ரூம் கேட்டிருந்தோமே..."

"ஓம் அம்மா. நான் அவற்ற மனிசி விஜிதா. இடம் மூடேல்லை. அது பிழையாச் சொல்லிப்போட்டினம்." சீலையை இறுக்கிக்கொண்டு சொன்னாள். "என்ர மனிசன் நேற்று மோசம் போயிட்டார். இண்டைக்குத்தான் எடுக்கிறம். இது துடக்கு வீடு. உங்களுக்கு மனம் ஒப்பாட்டி வராதேங்கோ, நான் குறை நினைக்க மாட்டன். ஒப்புமெண்டா அறை இருக்கு."

"இன்னாலில்லாஹி..." என்று மறுமுனையில் ஓதுவது மெல்லக் கேட்டது. "நேத்துக் காலையிலதானே பேசினாரு. சிரிச்சு சிரிச்சுப் பேசினாரே! டவுன்ல தங்குறதா தீவுல தங்குறதான்னு நாங்க யோசிச்சுக்கிட்டிருந்தோம். வெயில் மூஞ்சியில அடிக்குமாமே, ஒருத்தவங்க எழுதியிருந்தாங்கன்னு கேட்டேன். அதுக்கு, 'வெள்ளிக்கிழமைக்குள்ள யன்னலுக்குச் சீலை போட்டிருப்பன், போடாட்டி என்ர மனிசி என்னைக் கொன்னுபோடுவா' ன்னு சொன்னாரு."

விஜிதா கீழே பார்த்தாள். சால்வை போர்த்திய நெஞ்சு, மூடிய வாய், தாடைக்கட்டு. முந்தநாள் பிடித்த சண்டையை ஊர் பேர் தெரியாத மனிசிக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான், வாய் அடங்காத மனிசன். இனி ஆரோடை சண்டை பிடிக்கிறது?

"போட்டிருக்கும்" என்றாள். "வெள்ளிக்கிழமை வாங்கோ. இஞ்சை ஒண்டும் இல்லை, காத்துத்தான்..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. றினோஸா, "நாங்க வாறோம், கட்டாயம் வாறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"உனக்கென்ன விசரே?" அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "முப்பத்தொண்டாம் நாள் கழியேல்லை, துடக்கு வீட்டிலை ஆக்களைத் தங்க விடப்போறியோ? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் இஞ்சைதானே நிக்குது. சொல்லட்டும்."

ஊர் ஒன்றும் சொல்லவில்லை. கிறேஸ்தான் விளக்குமாற்றோடு கதவடியில் நின்று சொன்னாள். "நாங்கள் சிலுவை போட்ட வேதக்காரர், எங்களுக்கேது துடக்கு? வாற சனத்துக்கு என்ர வீட்டிலை சமைச்சுக் கொண்டந்து குடுக்கிறன். நீ ஒண்டுக்கும் யோசியாத விஜி."

"பொம்பிளைப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு தனிய இந்த மண்ணுக்குள்ள என்ன செய்யப் போறாய்?"

"உங்களோடை வந்தா என்ன செய்வன் அண்ணா?"

"அதுதான் சொன்னனே, சமையல்... அறையளைக் கூட்டி..."

"அதைத்தான் இஞ்சையும் செய்யிறன். இஞ்சை அது என்ர அறை."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். பேச்சியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

பாடையைத் தூக்கினார்கள். அதுவரை அழுகையை அடக்கிக்கொண்டு நின்ற விஜிதா அப்போதுதான் உடைந்தாள். வாசல் மண்ணில் விழுந்து, "என்னை விட்டுட்டுப் போறீங்களே, போறீங்களே" என்று குழறினாள். மகள் கிருசாந்தினியும் கிறேசும் பிடித்து இழுத்தும் அவளைத் தூக்க முடியவில்லை. பறைச் சத்தம் ஒழுங்கை தாண்டி, றோட்டுத் தாண்டி, சுடலைப் பக்கம் தேய்ந்து போகும் வரை அப்படியே கிடந்தாள்.

ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். விஜிதா எழும்பிக் கிணற்றடியில் முழுகினாள். ஈரத்தலையோடு பனைகளுக்கு நடுவே இருந்த விருந்தாளி அறைக்குப் போய், கோடியைக் கட்டிலில் விரித்துப் போட்டாள்.

"கிருசாந்தினி, கத்தரிக்கோலைக் கொண்டு வா."

பேச்சியம்மா ஓடி வந்தாள். "அடியே, கோடியடி அது! பொறந்த வீட்டுச் சீலையை வெட்டுவாங்களா? ஒடம்புல ஒரு தரமாவது சுத்திக்கடி!"

"சுத்தினா நீங்கள் கூட்டிக்கொண்டு போயிடுவீங்கள் அம்மா."

பேச்சியம்மா கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். அவளும் ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டத்துக் கலவரத்துக்குள்ளிருந்து புறப்பட்டு வந்தவள்தான்.

"என்னையெல்லாம் லொறியில ஏத்துனாங்க" என்றாள். "எங்க போறோம்னு கேட்டேன். பேசாம ஏறுன்னாங்க. ஏறுனேன். எறக்கிவிட்ட எடத்துல எறங்குனேன். இருக்கியா போறியான்னு இன்னிக்கி வரைக்கும் ஒருத்தன் கேக்கல."

விஜிதா யன்னலுக்கு அளவு பிடித்துக்கொண்டு நின்றாள். சீலை வழுகி வழுகிப் போனது. பேச்சியம்மா எழும்பி வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"இழுத்துப் புடிச்சிருக்கேன். கோணாம வெட்டு."

சுடலைக்குப் போனவர்கள் பொழுது சாயத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவராகக் காலைக் கழுவிவிட்டு, செத்தவீட்டு வழக்கப்படி, போய்வருகிறோம் என்று சொல்லாமல் வாசலோடே போனார்கள். அண்ணன் தலை நனைந்தபடி கிணற்றடிக்கு வந்தான். வான் வண்டியின் சாவி கையில் இருந்தது. வாளியைக் கிணற்றுக்குள் விடப்போனவன் எதிரே பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

பேச்சியம்மா வாளியை அவன் கையிலிருந்து வாங்கி, தண்ணி அள்ளினாள்.

"காலக் கழுவு மாரிமுத்து. சாப்பிட்டுட்டு இருட்டுக்கு முன்ன பொறப்படு. பாலம் தாண்டிப் போகணும்ல. நான் இங்கதான் இருக்கேன்."

அவன் காலை நீட்டினான். கண் யன்னலை விட்டு எடுபடவில்லை. தண்ணி பைப்புத் துண்டில் வெள்ளைச் சீலை தொங்கியது. கடலிலிருந்து வாடைக்காற்று வந்து அதை உள்ளே தள்ளி நிரப்பியது. பிறகு மெல்ல விட்டது, சீலை யன்னல் கம்பிகளில் வந்து படிந்தது. உள்ளே கிருசாந்தினி தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.